எல்லாப் பணிக்கும் ஏற்ற ரைபிளுக்கு எந்தத் தொலைநோக்கி?

காட்டோரத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்குக் காட்டுப்பன்றியின் கொடுமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்தால் ஒரு பருவத்து உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடும். இத்தொல்லை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் பன்றிக் கூட்டங்கள் விளைநிலங்களை அழித்து வருகின்றன. அந்நாட்டுப் பண்ணைகள் பலவற்றில் மண்வெட்டியும் கோடரியும் இருப்பது போலவே ஒரு ரைபிளும் இருக்கும். பன்றி, மான், நரி ஆகிய எதற்கும் பயன்படக்கூடிய அந்த ஒரே துப்பாக்கியைப் பொதுப்பணி ரைபிள் என்பர். அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். வேட்டைக்காரர்கள் இதை ‘ஸ்கோப்’ என்று வழங்குவர்.

நம் நாட்டில் சட்டத்தின் நிலை வேறு என்பதை முதலிலேயே நினைவூட்ட வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. உரிமம் இருப்பதனாலேயே காட்டு விலங்கைச் சுடும் உரிமையும் வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கின்றது. நிற்கும் பயிருக்குக் கேடு விளைக்கும் காட்டுப்பன்றி போன்றவற்றின் விஷயத்தில், அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரியோ காரணம் காட்டி எழுத்து மூலம் அனுமதித்தால் மட்டுமே சுடலாம். ஆகவே இங்கே கூறப்படுவன அத்தகைய அனுமதி பெற்றவர்களுக்கும், அவர்களை நம்பித் தம் நிலத்திற்கு அழைப்பவர்களுக்கும் உரியவை. அழைக்கப்பட்டவரின் கருவி தகுதியுடையதா என்று அறிந்து கொள்வது நிலத்துக்குரியவரின் கடமையுமாகும். ஏனெனில் குறி தவறிக் காயம்பட்ட பன்றி வேதனையோடு புதருக்குள் மறைந்து, மறுநாள் காலையில் விறகு பொறுக்க வருபவர்மேல் பாயக்கூடும்.

பெரிதாகக் காட்டுவது மட்டுமா பயன்?

தொலைநோக்கியின் முதற்பயன் பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது இரண்டாவது பயனேயாகும். சாதாரணத் துப்பாக்கியில் பின்புறத்துப் பிளவு, முன்புறத்துக் குமிழ், அப்பாலுள்ள இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரு சேரப் பார்க்க வேண்டியிருக்கின்றது. மூன்றும் மூன்று தூரங்களில் இருத்தலால் ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இச்சங்கடம் மேலும் அதிகம். தொலைநோக்கியிலோ குறுக்கிழையும் இலக்கும் ஒரே தளத்தில் தோன்றுகின்றன. ஆதலால் உருவைச் சிறிதும் பெரிதாக்காத தொலைநோக்கியுங்கூடக் குறியைச் செம்மைப்படுத்தும்.

இக்குறுக்கிழை நம் நெசவாள அன்பர்களுக்குச் சுவை தரக்கூடிய ஒரு செய்தி. பாவும் ஊடையும் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு நுண்ணிய இழைகளே அவை. முற்காலத்தில் நில அளவைக் கருவிகளிலும் இத்தகைய தொலைநோக்கிகளிலும் சிலந்தி நூலையே இழுத்துப் பொருத்தினர். பின்னர் மெல்லிய கம்பி அவ்விடத்தைப் பெற்றது. ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் இழை அமைப்பை 1962-ஆம் ஆண்டில் லியூபோல்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. மங்கிய ஒளியில் தடித்த பகுதி கண்ணை நடுவுக்கு இட்டுச் செல்லும். மெலிந்த பகுதி இலக்கை மறைக்காது. இன்றளவும் பொதுப்பணிக்கு இதனினும் எளிய அமைப்பைத் தேடவேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் சாமானிய மக்களும் வாங்கத்தக்க விலையில் தொலைநோக்கியை முதன்முதலாகப் பரப்பியவர் வில்லியம் வீவர் என்பவர். 1930-இல் அவர் வெளியிட்ட மூன்று மடங்குத் தொலைநோக்கியின் விலை 19 டாலர். ‘வீவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நெசவாளர் என்பது பொருள்.

எண்கள் கூறுவது யாது?

தொலைநோக்கியின்மேல் ‘2–7×33’ என்பது போல எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு எண்களும் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தோன்றும் என்பதன் கீழெல்லையையும் மேலெல்லையையும் காட்டும். வளையத்தைத் திருகி இவ்வெல்லைகளுக்குள் விரும்பிய அளவை அமைத்துக் கொள்ளலாம். கடைசி எண், முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. கடைகளில் பொதுவாகக் காணப்படுபவை 2–7×33, 3–9×40, 4–16×50 என்னும் மூவகை. இவற்றுள் முதலாவதே பொதுப்பணிக்குச் சாலவும் ஏற்றது; இரண்டாவதும் குறைவுடையதன்று; மூன்றாவது வேறு தொழிலுக்கு உரியது. இதன் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பார்வைப் பரப்பு. 2 மடங்கில் வைத்தால் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 14 மீட்டர் அகலம் தெரியும். 3 மடங்கில் ஏறக்குறைய 11 மீட்டர் தெரியும். மடங்கு ஏற ஏறப் பரப்பு குறுகும். வரப்போரத்திலிருந்து திடீரென்று வெளிப்பட்டு ஓடும் பன்றியைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்குப் பரந்த பார்வை வேண்டும். பெரிய மடங்கில் வைத்தவர் புல்லையும் புதரையும் தேடிக்கொண்டிருக்கும்போதே விலங்கு மறைந்துவிடும்.

இரண்டாவது, ஒளி. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கினால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 33-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4. 50-ஐ 16-ஆல் வகுத்தால் 3.1 மட்டுமே. இருளில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். முதியவர்க்கு அத்துணை விரியாது. ஆகவே பெரிய கண்ணாடி என்பதனாலேயே ஒளி மிகும் என்பது தவறு. அந்திப்பொழுதில் 33 மில்லிமீட்டர்த் தொலைநோக்கியை 5 மடங்குக்கு இறக்கினால் 6.6 மில்லிமீட்டர்க் கற்றை கிடைக்கும். வேண்டிய ஒளியைச் செலவின்றிப் பெறும் வழி, வளையத்தைத் திருகி மடங்கைக் குறைப்பதேயாகும்.

ஒளியைப் பற்றிய மற்றொரு செய்தி கண்ணாடியின் மேற்பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு 4 பங்கு ஒளி திரும்பிப் போய்விடுகின்றது. உள்ளே பத்து முகங்கள் இருப்பின், முடிவில் எஞ்சுவது ஏறக்குறைய நூற்றுக்கு 66 பங்கே. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா என்பவர் இவ்விழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்தார். ஒரு முகத்தின் இழப்பு நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைந்தால், பத்து முகங்களைக் கடந்த பின்னும் 95 பங்கு ஒளி நிற்கும். எனவே பணத்தை விட்டத்தில் செலவிடுவதைவிட, எல்லா முகங்களுக்கும் பல அடுக்குப் பூச்சிடப்பட்ட கண்ணாடியில் செலவிடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, எடை. அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் கூப்பர், 1983-இல் அரிஸோனா மாநிலத்தில் வல்லுநர் சிலரைக் கூட்டிப் பொதுப்பணி ரைபிளின் இலக்கணத்தை ஆராய்ந்தார். 3 கிலோகிராம் எடையே விரும்பத்தக்கது, 3.5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அவர் கொள்கை. நாள் முழுதும் தோளில் சுமப்பவர் இதன் உண்மையை உணர்வர். 2–7×33 வகை ஏறக்குறைய 300 முதல் 350 கிராம் நிறுக்கும். 50 மில்லிமீட்டர் வகையோ 600 கிராமையும் தாண்டக்கூடும். இந்த மிகுதி துப்பாக்கியின் உச்சியில் அமர்வதால், கையில் எடுத்தவுடன் ஒருபுறம் சாயும். சுடும்போது பின்னுதைப்பில் கனத்த தொலைநோக்கி தன் பிடிகளை அதிகமாக இழுத்து, திருகாணிகளைத் தளர்த்தும். முன்கண்ணாடி பெரிதாயின் தொலைநோக்கியை உயர்த்திப் பொருத்த வேண்டும். அப்போது கன்னம் கட்டையில் படியாமல் குறி நிலைகொள்ளாது. கூப்பர் தாமும் 2 முதல் 3 மடங்கு வரையுள்ள, மடங்கு மாறாத சிறு தொலைநோக்கியையே விரும்பினார். மாற்றத்தக்க வகையை விரும்புவோர்க்கு 2–7 என்பது அவர் கருத்தினின்று வெகுதூரம் விலகியதன்று.

‘7 மடங்கு போதுமா?’ என்று கேட்கலாம். 7 மடங்கில் பார்க்கும்போது, 210 மீட்டரில் நிற்கும் விலங்கு வெறுங்கண்ணுக்கு 30 மீட்டரில் நிற்பது போன்ற அளவில் தோன்றும். அதற்கு அப்பால் வயல்வெளியில் சுடுபவர்க்குக் குறைவது பார்வையன்று, கையின் நிலைப்பாடு. மடங்கை மிகுத்தால் இலக்கு பெரிதாவது போலவே கையின் நடுக்கமும் பெரிதாகும். வெயிலில் மண்ணிலிருந்து எழும் கானல் அலையும் பெரிதாகும். நடுக்கத்தைக் கண்டு அஞ்சிச் சட்டென்று விசையை இழுப்பவர் குறி தவறுவார். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இத்தொழிலுக்கும் பொருந்தும்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

கடைக்குள் விளக்கொளியில் பார்த்தால் எல்லாத் தொலைநோக்கியும் நல்லனவாகவே தோன்றும். மாலை மங்கும் நேரத்தில் வெளியே கொண்டுவந்து, நிழலிலுள்ள மரப்பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டையின் கோடுகள் ஓரம் வரை தெளிவாகத் தெரிகின்றனவா என்று கவனிக்க.

கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 9 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கும்போதே முழு உருவமும் தெரிய வேண்டும். இவ்விடைவெளி குறைந்தால் பின்னுதைப்பில் கண்ணாடியின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். மடங்கை மாற்றும்போது இவ்விடைவெளி மிகுதியாக மாறாதிருத்தல் நன்று.

தொலைநோக்கியை அசையாமல் தாங்கி வைத்துக் கண்ணை மட்டும் இருபுறமும் சற்றே நகர்த்தினால், குறுக்கிழை இலக்கின்மேல் நகர்வது போலத் தோன்றலாம். இது இடமாறு தோற்றம் எனப்படும். ரைபிளுக்குரிய சாதாரணத் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை 100 அல்லது 150 கஜத்தில் இப்பிழை நீங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். சிறு துப்பாக்கிக்கு உரியவற்றில் அத்தூரம் 50 அல்லது 60 கஜமாக இருக்கும். ஒன்றிற்குரியதை மற்றொன்றிற்கு வாங்கிவிடலாகாது.

குறியைத் திருத்தும் திருகியின் ஒவ்வொரு ‘கிளிக்’ ஓசைக்கும் குண்டு படும் இடம் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகரும். சிலவற்றில் அது 10 மில்லிமீட்டராக இருக்கும். இந்நகர்வு மெய்யா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முறைப்படி அமைந்த சுடுதளத்தில் முதலில் சுட்டு, பின் வலப்புறம் 20, மேலே 20, இடப்புறம் 20, கீழே 20 எனத் திருகி, ஒவ்வொரு மூலையிலும் சுட வேண்டும். கடைசிக் குண்டு முதற்குண்டின் அருகிலேயே படுமாயின் கருவி நம்பத்தக்கது. சதுரம் கோணினால் அதை விற்றவரிடமே திருப்பிவிடுக.

எதற்குப் பணம் தரவேண்டுவதில்லை?

தடித்த 30 மில்லிமீட்டர்க் குழாய் அதிக ஒளி தரும் என்று விற்பவர் கூறுவதுண்டு. குழாயின் பருமனால் ஒளி பெருகாது. திருத்தும் எல்லையே பெருகும். நெடுந்தூரம் சுடுவோர்க்கன்றி அது பயனில்லை. உயர்ந்த திருகிக் குமிழ்கள் புதரில் உராய்ந்து தாமே திரும்பக்கூடும். மூடியுள்ள தாழ்ந்த குமிழே நல்லது. இழைகளில் பல கோடுகளும் புள்ளிகளும் அமைந்தவை, தூரத்தைக் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கே உரியவை. அன்றியும், சாதாரண அமைப்பில் மடங்கு மாறும்போது இழையின் அளவு மாறாதாகையால், அக்கோடுகளின் கணக்கு ஒரே ஒரு மடங்கில்தான் பொருந்தும். இவற்றில் மிச்சமாகும் பணத்தை உறுதியான அடிப்பிடிக்கும் வளையங்களுக்கும் செலவிடுக. ‘தொலைநோக்கி கெட்டுவிட்டது’ என்று கூறப்படும் குற்றங்களில் பல, உண்மையில் தளர்ந்த திருகாணியின் குற்றங்களே. உட்புறம் நைட்ரஜன் முதலிய உலர்ந்த வாயு நிரப்பி அடைக்கப்பட்டதாவென்றும் விசாரிக்க. இல்லையேல் மழைக்காலத்தில் கண்ணாடி உள்ளே பனித்து மங்கும்.

ஓர் எச்சரிக்கை

தொலைநோக்கி எங்கே நோக்குகின்றதோ அங்கேயே குழலும் நோக்குகின்றது. ஆதலால் ‘அங்கே அசைவது யாது?’ என்று அறிவதற்காக ரைபிளைத் தூக்கிப் பார்ப்பது பெருங்குற்றம். இருளில் தன் வயலைக் காக்கக் குனிந்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரும் பன்றியைப் போலவே தோன்றக்கூடும். அறிவதற்குக் கழுத்தில் தொங்கும் இரட்டைக்கண் தொலைநோக்கியைப் பயன்படுத்துக. விலங்கு இன்னதென்றும், அதன் பின்னே மண்மேடு இருக்கின்றதென்றும், வீடோ பாதையோ இல்லையென்றும் ஐயமறத் தெளிந்த பின்னரே ரைபிள் தோளுக்கு வரவேண்டும். ஐயம் சிறிதும் எஞ்சுமாயின் சுடாதிருப்பதே தகும். இழந்த பயிரை அடுத்த பருவத்தில் விளைவிக்கலாம். இழந்த உயிரை மீட்பார் இல்லை.

நடக்கும்போது வளையத்தை 2 மடங்கிலேயே வைத்திருக்க. அருகில் எதிர்ப்படும் விலங்குக்கு அதுவே ஏற்றது. தொலைவில் நிற்கும் விலங்குக்கோ மடங்கைக் கூட்ட நேரம் இருக்கும். கண்ணாடியைத் துண்டால் துடைக்காமல், மெல்லிய தூரிகையால் மணலை நீக்கிய பின், பழகி மென்மையான சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க. பணிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னதாகச் சுடுதளத்தில் குறியைச் சரிபார்த்துக் கொள்க.