கேம்பிங் கிளப் மெம்பர்ஷிப் கட்டலாமா? புளியஞ்சோலையில் போட்ட கணக்கு

இன்னைக்குக் கொஞ்சம் காசு விஷயம் பேசலாம். இன்ஸ்டாவைத் திறந்தா நாலு ரீலுக்கு ஒரு கேம்பிங் கிளப் விளம்பரம் வருது. "வருஷத்துக்கு இவ்வளவு கட்டுங்க, மெம்பர் ஆகுங்க, மலையும் காடும் உங்களுக்குத்தான்" என்கிறார்கள். கட்டலாமா, வேண்டாமா? நான் ஒரு வருஷம் கட்டிப் பார்த்தவன். அந்த அனுபவத்திலிருந்தே சொல்றேன்.

கிளப் பெயர் வேண்டாம். மெம்பர்ஷிப் 3,500 ரூபாய். முதல் ட்ரிப் புளியஞ்சோலைக்கு, 'ஆற்றங்கரை கேம்ப்' என்று போட்டிருந்தார்கள். தெரியாதவங்களுக்காக: கொல்லிமலைன்னதும் எல்லாரும் நாமக்கல் பக்கத்து 70 கொண்டை ஊசி வளைவைத்தான் நினைப்பாங்க. புளியஞ்சோலை மலைக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கு. திருச்சி மாவட்டம், துறையூர் வழியா உப்பிலியபுரம் தாண்டிப் போகணும். மேலே ஆகாய கங்கை அருவியா விழுற ஐயாறுதான் இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடி வருது. இங்கிருந்து மேலே போக ரோடு கிடையாது, நடைபாதைதான்.

போய் இறங்கினால் எங்கள் டென்ட் ஆற்றங்கரையில் இல்லை, அங்கிருந்து சில கிலோமீட்டர் முன்னாடி ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. கேட்டதுக்கு, "காட்டுக்குள்ள நைட் தங்க விடமாட்டாங்க ப்ரோ" என்றார் லீடர். அது சரிதான், அதில் தப்பே இல்லை. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே சட்டப்படி குற்றம், டென்ட் அடிப்பது அதுக்கு அப்புறம்தான். ஆனா அதை ரீலில் சொல்லலையே! பக்கத்து டென்டில் மெம்பர் இல்லாத ரெண்டு பேர். அவங்க 1,800 கொடுத்திருந்தாங்க, நான் 1,300. அதே தோப்பு, அதே சிக்கன் குழம்பு.

கணக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. ஒரு ட்ரிப்புக்கு 500 ரூபாய் மிச்சம். 3,500-ஐ எடுக்க ஏழு ட்ரிப் போகணும். அந்த வருஷம் நான் போனது மூணு. ஐ.டி. வேலையில் இருந்துக்கிட்டு வருஷத்துக்கு ஏழு வார இறுதி கூடாரத்தில் படுப்பேன்னு எந்த நம்பிக்கையில் கட்டினேன்னு இப்பவும் புரியலை. ஜிம்முக்குப் பணம் கட்டின அதே ஆள்தான்!

இந்த மெம்பர்ஷிப் யோசனை இங்கிலாந்தில் ஏன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, இங்கே ஏன் இடிக்குதுன்னு புரியும். அங்கே 'கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்' 1901-லிருந்து இருக்கு. சைக்கிளில் டென்ட் கட்டிக்கொண்டு போன ஒரு கூட்டம் ஆரம்பிச்சது. அங்கே 1960-இல் வந்த கேரவன் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கு: அங்கீகாரம் பெற்ற கிளப் சான்று கொடுத்தால், ஒரு விவசாயி தனி லைசென்ஸ் இல்லாமலே தன் நிலத்தில் அஞ்சு கேரவன் வரை நிறுத்த விடலாம். ஆனா கிளப் மெம்பர்களுக்கு மட்டும். அப்போ அங்கே கார்டு என்பது தள்ளுபடி கூப்பன் இல்லை. மத்தவங்க நுழைய முடியாத இடத்துக்கு அது சாவி.

நம்ம ஊரில் அந்தச் சாவி எந்த கிளப்பிடமும் இல்லை. காடு வனத்துறையிடம், தோப்பு தோப்புக்காரரிடம். ரெண்டு பேருமே உங்க கார்டைப் பார்த்து அனுமதி கொடுக்கப் போவதில்லை.

கேரவன் கதையும் இதுதான். கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது. அங்கேயும் வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பதுதான் நம்மைப் போன்றவங்களுக்கு வழி. சொந்த வண்டி இல்லாதவருக்கு கேரவன் கிளப் எதுக்கு?

இப்போ புளியஞ்சோலையின் ரெண்டாம் நாள் காலை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன்.

ஆத்தில் குளிக்கக் கிளம்பினோம். வெயில் சுள்ளென்று அடிக்குது, தண்ணி முழங்கால் அளவுதான், பளிங்கு மாதிரி. டீக்கடையில் இருந்த அக்கா எங்க லீடரைக் கூப்பிட்டு, "தம்பி, மலை உச்சியைப் பாருங்க, கறுத்துக் கிடக்கு. இப்ப இறங்காதீங்க" என்றார். லீடருக்கு அது புரியவே இல்லை. அவருக்கும் புளியஞ்சோலை அதுதான் முதல் தடவையாம். எங்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றியாச்சு. "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று அக்காவே பிடித்து உட்கார வைத்தார். ஒரு மணி நேரம்கூட ஆகலை. தண்ணி செம்மண் நிறத்தில் இரைச்சலோட வந்தது. நாங்க உட்காரலாம்னு பார்த்து வெச்சிருந்த பாறை கண்ணுக்கே தெரியலை. எங்க தலை மேல ஒரு சொட்டு மழை இல்லை.

மேலே மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பெய்யுற மழை எல்லாம் செங்குத்தா இறங்கி இந்த ஓடைக்குத்தான் வரணும். இதை வெதர் ஆப் சொல்லாது. அது நீங்க நிற்கும் இடத்து வானத்தைத்தான் சொல்லும். அன்னைக்கு எனக்கு உண்மையிலேயே பயன்பட்ட ஆலோசனையின் விலை ஒரு டீ.

அதனால கிளப்பில் சேரும் முன்னாடி தள்ளுபடி எவ்வளவுன்னு கேட்காதீங்க. லீடர் இதே இடத்துக்கு எத்தனை தடவை வந்திருக்கார், கூட வரும் உள்ளூர் ஆள் யார், வனத்துறை அனுமதி கையில் இருக்கா, இருந்தால் காட்டுவீங்களா, யாருக்காவது அடிபட்டால் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேளுங்க. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல் இறந்தாங்க. அதுக்கு அப்புறமும் அனுமதியைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிற ஆட்களோட எதுக்குப் போகணும்?

மலை நடைதான் வேணும்னா 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு. வனத்துறையே 2024 அக்டோபரில் ஆரம்பிச்சது, மொத்தம் 40 பாதை. ஆன்லைனில் பதிவு பண்ணி, போகிற பாதைக்கு மட்டும் காசு கட்டினால் போதும். வழிகாட்டி அந்தந்த மலைப்பகுதி ஆளாகவே இருப்பார். பெரும்பாலும் பகல் நடைதான், டென்ட் ஆசை அதில் தீராது.

மெம்பர்ஷிப்தான் வேணும்னு இருந்தால் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவைப் பாருங்க. 1949-இல் தொடங்கினது. ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஹிமாச்சலில் சார் பாஸ் மாதிரி அவங்க நடத்துகிற ட்ரெக்குக்கு மெம்பராக இருக்கணும், அந்தக் கார்டை வெளிநாட்டு ஹாஸ்டல்களிலும் காட்டலாம். தங்கும் வசதி ரொம்ப சாதாரணம், குறட்டை இலவசம்.

3,500 முழுக்க வீண்னும் சொல்ல மாட்டேன். சென்னைக்குப் புதுசா வந்து, பி.ஜி. ரூமில் சனி ஞாயிறு யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்தத் தோப்பில் பக்கத்து டென்டில் இருந்த ரெண்டு பேரும் இன்னைக்கும் என் நெருங்கிய நண்பர்கள். ஆட்கள் வேணும்னு சேர்ந்தால் சேருங்க. ஆனா அப்பவும் ரெண்டு ட்ரிப் மெம்பர் ஆகாமல், முழுக் காசு கொடுத்துப் போய்ப் பாருங்க. என் கணக்குப்படி அதில் கூடப் போவது 1,000 ரூபாய்.

நான் ரினியூ பண்ணலை. போன ஆடிக்கு முன்னாடி நாங்க மூணு பேரும் பஸ் பிடித்துப் போனோம், கடன் வாங்கின டென்டோட. நேரா அந்த டீக்கடைக்குத்தான். அக்கா மலையைப் பார்த்துட்டு, "இன்னைக்கு இறங்கலாம் தம்பி, ரெண்டு மணிக்குள்ள ஏறி வந்துருங்க" என்றார். ஒன்றரைக்கே ஏறிட்டோம்.