அம்மா சொல்லும் ‘களைக்குது’

அட்லிஸ்வில் என்றால் எங்கட ஆட்களுக்கு எஸ் 4 ரயிலும் ஃபெல்செனெக் மலைக்குப் போற கேபிள் காரும்தான் ஞாபகம் வரும். தைரொயிட் வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. இங்கே வைத்தியராக இருந்த ஹைன்ரிக் ஹுன்சிகர், கழுத்துக் கழலை வருவது சாப்பாட்டில் அயடின் குறைவதால்தான் என்று 1915இல் எழுதினார். கிருமி, தண்ணீர் என்று பலர் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1922இல் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலத்தில் அயடின் உப்பு விற்பனைக்கு வந்தது. பிறகு அது நாடு முழுக்கப் பரவ, பிள்ளைகளின் கழுத்து வீக்கம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

தைரொயிட் குறைபாடு மட்டும் போகவில்லை. இன்று இங்கே அதற்கு முக்கிய காரணம் ஹஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற நோய் அது. பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். உப்பை மாற்றி இதைச் சரிக்கட்ட ஏலாது.

உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியை எரிக்க வேண்டும் என்று சொல்வது தைரொயிட் ஹோர்மோன். அது குறைந்தால், என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்கள் பாசையில், புரோசஸர் வேகத்தைக் குறைச்சு விட்ட கம்ப்யூட்டர் மாதிரி: எல்லாம் நடக்கும், மெதுவாக. இதயத் துடிப்பு குறையும், குளிர் தாங்காது, சாப்பாடு கூடாமலே நிறை கொஞ்சம் ஏறும்.

மூச்சை இதோடு சேர்த்து யோசிக்கிறவர்கள் குறைவு. நுரையீரல் நல்லாவே இருக்கலாம். ஆனால் அதை இயக்குகிற உதரவிதானமும் மற்றத் தசைகளும் பலவீனப்படும். மூச்சை ஆழமாக எடு என்று மூளை கொடுக்கிற கட்டளையும் மந்தமாகும். நாக்கும் தொண்டையும் தடித்தால் குறட்டை, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருதல். கடுமையாகி நீண்டகாலம் கவனிக்காமல் விட்டால் நுரையீரலைச் சுற்றி நீர் கூடக் கட்டலாம்.

இங்கேதான் எங்கட தலைமுறையின் வேலை வருது. வைத்தியரிடம் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறது நாங்கள்தானே? அம்மா “களைக்குது” என்றால் அது சோர்வாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குறதாகவும் இருக்கலாம். ‘சோர்வு’ என்று மட்டும் ஜெர்மனில் சொல்லிவிட்டால் பாதி விசயம் வைத்தியருக்குப் போகாது. முதல்ல அம்மாவிடமே கேளுங்கள்: படி ஏறினால் மூச்சு வாங்குதா, இரவில் குறட்டையா? பிறகு டிஎஸ்எச் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது எப்போதும் சேர்ந்திருக்காது. மூச்சு வாங்க இதயம், இரத்தச்சோகை, ஆஸ்துமா என்று வேறு காரணங்களும் உண்டு, அதையும் அவர் பார்ப்பார். திடீரென்று மூச்சு முட்டினால் ஒன்றும் யோசிக்காமல் 144.

தைரொயிட்தான் என்று தெரிந்தால் வழக்கமாகத் தருவது தினம் ஒரு குளிசை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். பால் தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழிச்சு. இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி. 6 முதல் 8 கிழமையில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைச் சரி செய்வார்கள். காலைத் தேத்தண்ணியைத் தள்ளிப் போடச் சொன்னால்தான் அம்மாக்கள் முறைப்பார்கள்!