அணைத்து வைத்தாலும் அரிக்கும்

கொழும்பில் கடலோரமாக ஓடும் மெரைன் டிரைவ் பக்கத்து மாடிவீடுகளிலிருந்து திருத்தத்துக்கு வரும் பழைய டெஸ்க்டொப் கொம்பியூட்டரைத் திருப்பி வைத்தால் முதலில் கண்ணில் படுவது துருதான். யூஎஸ்பி வாய்களைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம், திருகாணித் தலைகளில் வெள்ளைப் பொருக்கு, மொனிட்டர் வயர் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு. பத்து வருசம் பாவித்த சாமான் வேறெப்படி இருக்கும் என்று கேட்கலாம். ஆனால் அதே வயதுப் பெட்டி கடலிலிருந்து தள்ளியிருக்கும் மகரகமையிலிருந்து வந்தால் தகடு பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். வயதைக் குறை சொல்வதற்கு முன் முகவரியைப் பார்க்க வேண்டும்.

அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளைக் காற்றில் தூவுகின்றன. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடுவதால், காற்றிலுள்ள உப்பு முதல் சில நூறு மீற்றருக்குள் மளமளவெனக் குறைந்துவிடும். வெள்ளவத்தையில் ரயில் பாதையிலிருந்து காலி வீதிவரை உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே ஜன்னலுக்குள் வரும். கொம்பியூட்டரின் காற்றாடி அதை உறிஞ்சி மதர்போர்ட்டின் மேல் ஊதிவிடும்.

உப்பு காய்ந்து கிடந்தால் பெரிய கேடு இல்லை. கேடு அது நீரை இழுப்பதில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிவதை எல்லோரும் சமையலறையில் பார்த்திருப்போம். தூய சோடியங்குளோரைட்டு சாரீரப்பதன் 75 வீதம் வரை உலர்ந்த பளிங்காகவே இருக்கும். அதைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மகனீசியங்குளோரைட்டும் கலந்திருக்கிறது, அதற்கோ 33 வீதமே போதும். கொழும்பில் சாரீரப்பதன் அந்த அளவுக்கு இறங்குவது அநேகமாக நடப்பதே இல்லை. ஆகவே போர்ட்டில் படிந்த கடலுப்பு எந்நேரமும் ஓரளவு ஈரமாகத்தான் கிடக்கிறது. இரவில் காற்றின் ஈரம் எண்பதைத் தாண்டும்போது முழுதாகவே கரைந்து, மின்னைக் கடத்தும் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பழக்கமானதுதான். 30 பாகை செல்சியஸில் நிரம்பல் ஆவியமுக்கம் சுமார் 42 ஹெக்டோபாஸ்கல், 40 பாகையில் சுமார் 74. அறை 30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொண்டால் ஆவியமுக்கம் 34 அளவில் இருக்கும். அதே காற்று ஓடுகிற கொம்பியூட்டருக்குள் போய் 40 பாகைக்குச் சூடானால், 34ஐ 74ஆல் பிரிக்க வேண்டும்: சாரீரப்பதன் 46 வீதத்துக்கு விழுந்துவிடுகிறது. சோடியங்குளோரைட்டு கரைவதற்கு அந்த ஈரம் காணாது.

அதாவது, ஓடுகிற பெட்டி தன் சூட்டாலேயே தன்னைக் காய வைத்துக்கொள்கிறது. மகன் கனடாவுக்குப் போன பிறகு, பழுதாகிவிடக் கூடாதே என்று மேசைவிரிப்பால் மூடி மூலையில் வைத்த பெட்டிதான் முதலில் அரிக்கிறது. அக்கறையாகப் பாதுகாத்தவர்களிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது லேசான காரியமல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு முதற்கொண்டு, பெட்டியை அணைத்தாலும் சுவர்ப் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளையின் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். முன்னாலுள்ள பொத்தானை அமுக்கியதும் போர்ட் விழித்துக்கொள்வது அதனால்தான். உப்புநீர்ப் படலமும் நேரோட்ட வோல்ட்டும் சேர்ந்தால் நடப்பது மின்பகுப்பு. நேர்முனையில் செம்பும் ஈயமும் வெள்ளீயமும் கரையும். மறைமுனையில் அவை படிந்து கிளைகிளையான உலோக இழையாக வளரும். அரை மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊசிகளை ஒரு இழை தொட்டுவிட்டால் போதும், ஷோர்ட்.

பாவிக்காத பெட்டியென்றால் சுவர் சுவிட்சையே நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்லது, வாரத்தில் சில நாளாவது போட்டு ஓடவிடுவது.

திருத்துபவரிடம் வரும் முறைப்பாடு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"தம்பி, லைட் எரியுது, ஃபான் சுத்துது, ஸ்கிரீனில ஒண்டுமே வருதில்லை. போர்ட் போயிட்டுதோ?"

"பீப் அடிக்குதோ அன்ரி?"

"ஓம், நிப்பாட்டாமல் அடிக்குது."

"அப்ப போர்டில உயிர் இருக்கு. கொண்டு வாங்கோ."

அந்தத் தம்பி ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. பீப் சத்தத்தை எழுப்புவது பயோஸ் என்ற சிறு நிரல். அதை ஓட்டுவது புரொசெசர். பீப் கேட்கிறதென்றால் பவர் சப்ளை மின் கொடுக்கிறது, புரொசெசர் ஓடுகிறது, பயோஸ் சிப் வாசிக்கப்படுகிறது. விலை கூடிய மூன்று சந்தேகங்கள் ஒரே சத்தத்தில் தீர்ந்துவிடுகின்றன. பீப் பாஷை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என்றாலும் நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அடிப்பது பெரும்பாலும் ராமைத்தான் காட்டும். கேசிங் பலவற்றில் பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரே இருக்காது. அது இல்லாமல் பழுது தேடுவது வீண் அலைச்சல், ஒன்றை வாங்கி மாட்டிவிட்டே தொடங்கலாம்.

டிடிஆர்3 வகை ராமின் விளிம்பில் தங்கம் பூசிய 240 தொடுகைகள். அவற்றில் முக்கியமான ஒன்று சரியாகத் தொடாவிட்டாலே ஸ்கிரீன் கறுப்பு. தங்கம் துருப்பிடிக்காதே என்பீர்கள். தங்கம் பிடிக்காது. ஆனால் அங்கே பூசியிருப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான படை. அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்புநீர் இறங்கி, அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தின்னும். தின்ற மிச்சம் மேலே வந்து கரும்புள்ளியாகப் படியும். வில்லைக்கண்ணாடியால் பார்த்தால் மஞ்சள் விரல்களில் அந்தப் புள்ளிகள் தெரியும்.

இதற்குக் கொழும்பு முழுதும் ஒரே வைத்தியம்தான், பள்ளிக்கூட அழிறப்பர். எனக்கு அதில் அரைமனம். மென்மையான வெள்ளை அழிறப்பரால் விளிம்பை நோக்கி ஒரே திசையில் இரண்டு தரம் தடவினால் பரவாயில்லை. பேனை மை அழிக்கும் சொரசொரப்பான பக்கத்தால் தேய்த்தால் புள்ளியோடு தங்கமும் போய்விடும், அடுத்த பருவக்காற்றுக்குப் பழுது இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணி போதுமானது. உண்மையில் கழற்றித் திரும்பச் செருகுவதே பாதி வைத்தியம்: செருகும்போது சொக்கெட்டின் கம்பிகள் தொடுகையின் மேல் உரசி, படிந்ததைச் சுரண்டிவிடுகின்றன. துடைத்துவிட்டு ஒரேயொரு ராமை மட்டும், ஒவ்வொரு துவாரமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க், டிவிடி, தனியாகப் போட்ட கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் வெளியே. ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வரும்போது எது வந்ததும் நின்றதோ, அதுதான் ஆள்.

பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடி அமுக்கிப் பிடித்து, மிச்ச மின்னைப் போக்கிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் ஆடலோட்டம் அதற்குள் சுமார் 325 வோல்ட் நேரோட்டமாகக் கொள்ளளவிகளில் தேங்கி நிற்கிறது. ஈரக்காற்றால் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உடம்பில் நிலைமின் சேர்ந்து சிப்பைச் சுடும் பயம் குளிர்நாடுகளைவிட இங்கே குறைவு.

கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. துறைமுகம் முன்னால் நிற்பதால் அலை நேரே வந்து உடைவது குறைவு. ஆனால் கொள்கலன் லொறிகள் ஓடும் வீதியோரத்தில் தூசிக்கும் புகைக்கும் குறைவில்லை. புரொசெசருக்கு மேலுள்ள அலுமினியச் சிறகுகளுக்கிடையே அது கம்பளம்போல் அடைத்துக்கொள்ள, சூடு ஏறுகிறது. புரொசெசர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். 100 பாகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். பக்கத்தில் நிற்கும் கொள்ளளவிகளுக்கு அந்த வசதி இல்லை.

பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைப் புரொசெசருக்கு வேண்டிய 1 வோல்ட் சொச்சத்துக்கு இறக்கும்போது, அதை அலை இல்லாமல் சமப்படுத்துவது அந்த உருளைகளின் வேலை. உள்ளே அலுமினியத் தாளும் திரவ மின்பகுபொருளும். 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று எழுதி விற்கப்படும் கொள்ளளவி, ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது பொதுவான கணிப்பு. 65 பாகையில் 32,000 மணித்தியாலம், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் கிட்டத்தட்ட பதினொரு வருசம். தூசியால் 75 பாகையானால் ஐந்தரை வருசம். ஒரு பெயின்ற் பிரஷ்ஷும் அரைமணி நேரமும் செலவழித்தால் மிச்சப்படுவது அவ்வளவு.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த போர்ட்டுகளுக்கு இதைவிடப் பெரிய சாபம் இருந்தது. அந்தக் கால மலிவான கொள்ளளவிகள் பலவற்றில் நீர் கலந்த மின்பகுபொருளில் போதிய தடுப்பிகள் இல்லை. நீர் அலுமினியத்தோடு தாக்கம் புரிந்து ஐதரசன் வாயுவை உண்டாக்க, தலையிலுள்ள சிலுவைக் கீறல் புடைத்துப் பழுப்பாகக் கசியும். பெயர்பெற்ற ஜப்பானியக் கொம்பனிகளும் தப்பவில்லை. ஒப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270 வரிசையில் நிச்சிக்கொன் கொள்ளளவிகள் கெட்டுப்போனதால் டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டொலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. புடைத்த கொள்ளளவியை மாற்றுவது இன்றும் சாத்தியம். அதே மைக்ரோபரட், அதே அளவோ கூடிய அளவோ வோல்ட், 105 பாகை, குறைந்த உள்தடை. கோடு போட்ட பக்கம் மறைமுனை. இதை மாறிப் பொருத்தினால் வெடிக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாக ஒன்றை வாங்கலாமே? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு, திருத்தத் தெரிந்தவரின் மதிப்பு அன்றைக்குப் புரிந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்து, விண்டோஸ் 11ஐ ஏற்காத இலட்சக்கணக்கான பெட்டிகள் உலகெங்கும் ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையின் படிப்புக்கும் கணக்கெழுதவும் தாராளம்.

கரண்ட்டும் பெட்டியைச் சோதிக்கும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழுத்தீவும் இருண்டது. ஆனால் பவர் சப்ளையைக் கொல்வது நீண்ட வெட்டு அல்ல, வந்து வந்து போகும் கரண்ட். வெறுமையான கொள்ளளவிகள் முதல் கணத்தில் பெருமளவு மின்னோட்டத்தை இழுக்கும். அதை மட்டுப்படுத்தப் பலவற்றில் வெப்பத்தடை ஒன்று வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை கூட, சூடானதும் குறைந்துவிடும். கரண்ட் போய்ச் சில வினாடியில் திரும்பினால் அது இன்னும் சூடாகவே இருக்கும். காவல் இல்லாமல் முழு மின்னோட்டமும் உள்ளே பாயும். ஆகவே கரண்ட் போனதும் பிளக் சுவிட்சை நிறுத்தி, வந்தபின் சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். யூபிஎஸ் இருந்தாலும் அதன் 12 வோல்ட் பட்டரியை ஒவ்வொரு வெட்டுக்கும் அடிமட்டம் வரை வடித்தால் ஆயுள் அரைவாசியும் இராது.

இனிச் சின்னப் பழுது ஒன்று. "இன்ரநெட் வருதில்லை" என்று ரௌட்டரை மாற்றியும் தீராத பெட்டியில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். திகதி 2009 ஜனவரியாக இருந்தால் குற்றவாளி போர்ட்டிலுள்ள சிஆர்2032 பட்டரி. வினாடிக்கு 32,768 தரம், அதாவது இரண்டின் பதினைந்தாம் அடுக்குத் தரம், அதிரும் குவார்ட்ஸ் துண்டு ஒன்றுதான் கடிகாரம். கரண்ட் இல்லாதபோது அதை ஓட்டுவது அந்த 3 வோல்ட் காசுப் பட்டரி. திகதி பின்னுக்குப் போனால், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்காதவையாகத் தெரியும். பிரவுசர் கதவைச் சாத்திவிடும். சுவர் சுவிட்சை நிறுத்தச் சொன்னேனே, அதனால் இந்தப் பட்டரி சீக்கிரம் தீரும் என்பதும் உண்மை. போர்ட் அரித்துப்போவதைவிடச் சில நூறு ரூபாப் பட்டரி போவது மேல்.

திருத்த முடியாத கட்டமும் உண்டு. போர்ட்டின் உள்ளடுக்குகளில் செம்பு அரித்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. அப்போது காப்பாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க்கை. மூடி முத்திரையிட்டதுபோல் தெரிந்தாலும், பழைய டிஸ்க்கின் முதுகில் 'இந்தத் துவாரத்தை மூடாதே' என்று எழுதிய ஒரு பொட்டுத் துளை இருக்கும். தகட்டுக்குச் சில நனோமீற்றர் மேலே மிதக்கும் வாசிப்புமுனைக்கு வளியமுக்கம் வேண்டும் என்பதால் அது வடிகட்டி வழியே மூச்சு விடுகிறது. டிஸ்க் தட்டுப்படாமல் போனால் உடனே வீசிவிடாதீர்கள். அடியிலுள்ள பச்சைத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றிப் புரட்டினால், வாசிப்புமுனைக்குப் போகும் சிறு தொடுகைப் பொட்டுகள் தெரியும். சில மொடல்களில் அவை கறுத்துப்போயிருக்கும். அற்ககோலால் துடைத்து, திரும்பப் பூட்டி, யூஎஸ்பி வயரில் வேறு கொம்பியூட்டரில் மாட்டிப் பாருங்கள். டிஸ்க் தெரிந்தால் முதலில் படங்களைப் பிரதி எடுங்கள். எத்தனை தரம் தெரியும் என்பதற்கு உத்தரவாதமில்லை.