பட்டுக்கு மட்டுமா ஆரணி? காட்டோரம் காத்திருக்கும் ஜாகிர்தார் மாளிகை!

ஆரணி என்றதும் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். முகூர்த்தச் சேலை எடுக்க வருபவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், இந்த ஊரைச் சுற்றி சுமார் 300 ஆண்டு ஜாகிர் ஆட்சியின் அடையாளங்களும் இருக்கின்றன.

யார் இந்த ஜாகிர்தார்கள்?

17-ம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் படை தெற்கே வந்தது. அதன் தளபதிகளில் ஒருவர், சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜி. அவரிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியருக்கு ஆரணிப் பகுதி ஜாகிராகக் கிடைத்தது. அதாவது, அந்தக் கிராமங்களின் வரி வருமானத்தை அனுபவிக்கும் உரிமை.

1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே ராஜா சாகிப்பின் படையோடு மோதினார். 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். மேலே ஆட்சிகள் மாறினாலும் ஜாகிர் நிலைத்தது.

ஜாகிர்தார்களின் அரண்மனை இருந்த ஊர் சத்திய விஜய நகரம். சுருக்கமாக எஸ்.வி.நகரம். மத்வ மடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் பிருந்தாவனம் இருப்பதால் இந்தப் பெயர்.

காட்டோர மாளிகை

ஜாகிர்தார்களின் இன்னொரு மாளிகை பூசிமலைக்குப்பத்தில், காட்டை ஒட்டி நிற்கிறது. `கண்ணாடி மாளிகை' என்று ஊரார் சொல்கிறார்கள். ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளைப் பார்த்து நம் ஜமீன்களும் ஜாகிர்களும் கட்டிக்கொண்ட பாணி இது. மாடி, வளைவுகள் எல்லாம் அந்தச் சாயல்தான். ஆனால், இன்று பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது.

ஏன் இந்த நிலை?

அரண்மனைக்குச் சாப்பாடு போட்டது நிலவரி. ஜமீன் ஒழிப்புக்கான 1948-ம் வருடச் சட்டம் உழுபவர்களுக்குப் பெரிய விடுதலை. அதேசமயம், இத்தனை பெரிய கட்டடங்களைப் பராமரிக்கும் வருமானமும் அதோடு நின்றது.

பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி மழைதான். கூரையில் சின்ன விரிசல் போதும். அதில் விழும் ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேர்விட்டு சுவரையே பிளந்துவிடும். அவசரத்துக்கு சிமென்ட் பூசினால் இன்னும் ஆபத்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கைகள்தான் இதற்குத் தேவை.

மதுரை சொல்லும் வழி

திருமலை நாயக்கர் மகாலும் ஒருகாலத்தில் சிதைந்துதான் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சீரமைப்பில் இறங்கினார். பிறகு அது நீண்டகாலம் நீதிமன்றமாக இயங்கியது. இன்று டிக்கெட் எடுத்துப் பார்க்கும் சுற்றுலாத் தலம். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையோ 1837-லேயே அருங்காட்சியகமாகிவிட்டது. ராஜா போன பிறகும் ஒரு வேலை கிடைத்த அரண்மனைகள் பிழைத்துக்கொண்டன.

ஆரணிப் பட்டும் அப்படித்தான். இன்றும் கட்டுவதற்கு ஆள் இருப்பதால் தறி ஓடுகிறது. சேலை எடுக்க இத்தனை பேர் வரும் ஊரில், ஜாகிர்தார் மாளிகைக்கும் ஒரு வேலை கொடுக்க முடியாதா? ஒவ்வொரு மழைக்காலமும் அதற்கான அவகாசத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது.