நாற்காலி இருக்கு... உட்காரத்தான் பயம்!

பண்டிகை நெருங்கினால் ஜவுளிக்கடைகளில் புதுமுகங்களைப் பார்ப்பீர்கள். காலேஜ் முடிந்து சாயங்காலம் மட்டும் வரும் பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு வரும் இல்லத்தரசிகள். எல்லாம் பகுதிநேர வேலை. மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் இவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: கால் வீக்கம், கெண்டைக்கால் குடைச்சல், நீர்க்கடுப்பு.

"தைலம் ஏதாவது குடுங்க சார்" என்பார்கள். தைலம் தரலாம். ஆனால் நோயின் காரணம் கடையில் அல்லவா இருக்கிறது!

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். நாளடைவில் நரம்பு சுருண்டுகொள்ளும். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர் அதில் ஒன்று. "போய்ட்டு வரட்டுமா" என்று கேட்கவே பயந்தால் என்ன ஆகும்?

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டம் கொண்டு வந்தது. கோழிக்கோட்டுப் பெண்கள் போராடிப் பெற்றது அது. 2021-ல் தமிழகமும் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ஆக, நாற்காலி வந்துவிட்டது. உட்கார வைப்பது யார்? மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்தான்!

1939-ல் அமெரிக்காவில் கர்ட் லெவின் குழுவினர் சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதட்டி வேலை வாங்கிய தலைவர் வெளியே போனதும் பிள்ளைகளின் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய தலைவர் போன பிறகும் வேலை தொடர்ந்தது. கடையிலும் இதே கதைதான். "ஏன் உக்காந்திருக்கே?" என்று கேட்பவருக்குக் கண்ணெதிரே மட்டும்தான் வேலை நடக்கும். "கூட்டம் இல்லையே, கொஞ்சம் உக்காரும்மா" என்பவருக்கு, நாலு மணி நேரம் வந்து போகிற பெண்ணும் தன் கடை மாதிரி உழைப்பாள்.

முதலாளிகளே, கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வைக்காதீர்கள். அடுத்த வார வேலை நேரத்தை அவர்களையும் கேட்டு முன்கூட்டியே சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களே, நிற்கும்போது அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரவில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் கண்டால் தைலம் தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புடவை எடுக்கப் போகும் நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். "உக்காந்தே எடுத்துக் காட்டும்மா" என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளர் காதில் விழும்படியே சொல்லுங்கள்!