பயிற்சி வகுப்பு மட்டும் போதுமா? பிரசவ அறைக்கே செல்லும் வழிகாட்டிச் செவிலியர்கள்

கோலார் தங்கவயல்: இந்தியாவில் 2005-06-ஆம் ஆண்டில் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள், 2019-21-ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வின்படி 88.6 சதவீதமாக உயர்ந்துள்ளன. கர்நாடகத்தில் இது 97 சதவீதம். கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு வருவது ஏறக்குறைய உறுதியாகிவிட்ட நிலையில், அங்கு கிடைக்கும் சிகிச்சையின் தரம் குறித்த கேள்வி முன்னுக்கு வந்துள்ளது.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயல் போன்ற ஊர்களுக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. சுரங்கம் இயங்கிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த நிறுவன மருத்துவமனையை நம்பியிருந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின்னர், வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களுமே ஆதாரமாக உள்ளன.

தரமற்ற சிகிச்சையின் விளைவு கடுமையானது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சிகிச்சை கிடைத்தும் அதன் தரக்குறைவால் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர் உயிரிழப்பதாக, லான்செட் குளோபல் ஹெல்த் ஆணையம் 2018-இல் மதிப்பிட்டது. சிகிச்சையே கிடைக்காமல் இறப்போர் சுமார் 36 லட்சம் பேர்.

வழிகாட்டல் என்றால் என்ன?

வழக்கமான முறையில் செவிலியர்கள் மாவட்டத் தலைநகருக்கு அழைக்கப்பட்டு, சில நாள்கள் வகுப்பில் பயிற்சி பெற்றுத் திரும்புவர். பணியிட வழிகாட்டலில், அனுபவமும் சிறப்புப் பயிற்சியும் பெற்ற செவிலியர் ஒருவர் சுகாதார நிலையத்துக்கே செல்கிறார். அங்குள்ளவர்களுடன் சேர்ந்து பணியாற்றி, செய்முறைகளைக் காட்டி, நோயாளியின் பதிவேடுகளைப் பார்த்து, குறைகளைக் கலந்து பேசுகிறார். குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வருகிறார். குறை கண்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் ஆய்வு அதிகாரியின் பணி அவருக்கு இல்லை என்பதால், தெரியாததைத் தயக்கமின்றிக் கேட்க முடிகிறது.

பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் பை, முகமூடி கொண்டு செயற்கை சுவாசம் தொடங்க வேண்டும். சிறிய நிலையங்களில் இத்தகைய குழந்தைகள் அரிதாகவே பிறப்பதால், வகுப்பில் கற்றது சில மாதங்களில் மறந்துவிடக்கூடும். பொம்மையை வைத்து அவ்வப்போது செய்து பழகினால்தான் அவசர நேரத்தில் கை தடுமாறாது. பிரசவித்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசி போடுவது, ரத்த அழுத்தம் அளப்பது போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

வட கர்நாடக அனுபவம்

கர்நாடகத்தின் வடக்கிலுள்ள 8 மாவட்டங்களில் செயல்படுத்தப்பட்ட 'சுக்ஷேமா' திட்டம் இம்முறையைப் பெரிய அளவில் சோதித்தது. கர்நாடக சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளையும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. பல்லாரி, கலபுரகி மாவட்டங்களில் 108 ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் வழிகாட்டிச் செவிலியர்கள் அனுப்பப்பட்டனர். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, அப்பிரிவில் செவிலியர்களின் அறிவும் நிலையங்களின் ஆயத்த நிலையும் மேம்பட்டிருந்தன.

உத்தரப் பிரதேசம் தந்த எச்சரிக்கை

உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்பான மகப்பேறு சரிபார்ப்புப் பட்டியலில் 29 அம்சங்கள் உள்ளன. கர்நாடகத்தின் ஒரு மகப்பேறு மையத்தில் 2010-இல் இதைச் சோதித்தபோது, ஒரு பிரசவத்தில் சராசரியாக 10 ஆக இருந்த பாதுகாப்பு நடைமுறைகள் 25 ஆக உயர்ந்தன.

இந்த ஊக்கத்தில், உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 மருத்துவ நிலையங்களில் மாபெரும் ஆய்வு நடத்தப்பட்டது. 8 மாதங்கள் பணியிட வழிகாட்டல் அளிக்கப்பட்டது. 18 அடிப்படை நடைமுறைகளைப் பின்பற்றும் அளவு 2 மாதங்களில் சுமார் 73 சதவீதமாக இருந்தது. வழிகாட்டல் பெறாத நிலையங்களில் அது சுமார் 42 சதவீதமே. ஆனால் வழிகாட்டல் முடிந்து 4 மாதங்களுக்குப் பின் 73 என்பது சுமார் 62 ஆகக் குறைந்தது.

அதைவிடக் கவலை தந்தது மற்றொரு முடிவு. குழந்தை இறப்பு, தாய் இறப்பு, தாய்க்கு ஏற்படும் கடும் சிக்கல்கள் ஆகியவற்றின் கூட்டு விகிதம் வழிகாட்டல் பெற்ற நிலையங்களில் 15.1 சதவீதமாகவும், பெறாதவற்றில் 15.3 சதவீதமாகவும் இருந்தது. 2017-இல் வெளியான இந்த ஆய்வு, பழக்கங்கள் மாறினாலும் உயிரிழப்பு குறையவில்லை என்பதைக் காட்டியது.

இனி என்ன தேவை?

சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறன், தடையற்ற மருந்து, ரத்தம், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைவாக மாற்றும் ஏற்பாடு ஆகியவை இல்லாத இடத்தில் செவிலியரின் கவனம் மட்டும் தாயைக் காப்பாற்றிவிடாது. தங்கவயலிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவுக்கு ஒரு தாயை அனுப்ப நேரிட்டால், அந்த முடிவை எவ்வளவு முன்னதாக எடுக்கிறார்கள் என்பதே உயிரைத் தீர்மானிக்கலாம். அபாய அறிகுறியை உரிய நேரத்தில் கண்டறியச் செவிலியருக்கு வழிகாட்டல் உதவும். ஆம்புலன்ஸும் மருத்துவரும் ரத்தமும் ஆயத்தமாக இருப்பது அரசின் பொறுப்பு.

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பரில் 'லக்ஷ்யா' திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் வழிகாட்டல் ஒரு முறை நடத்தி முடிக்கும் நிகழ்வாக இல்லாமல் நிரந்தரப் பணியாக இடம்பெற வேண்டும் என்பதே இரு மாநில அனுபவங்களும் உணர்த்தும் பாடமாகும்.