தொழிற்பழகுநரும் ஆலையின் ஆக்கமும்

இளைஞரைத் தொழிற்சாலையுட் புகவிடுங்கால் அவர்க்கெனத் தனி விதிகள் வகுத்துக் காத்தல் வேண்டும் என்பர் ஒருசாரார். அங்ஙனம் செய்யின் உற்பத்தி குன்றும், முதலாளிகளும் இளைஞரை வேண்டார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நம் நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கூற்றுக்கள். வெறுஞ்சொல்லால் இவற்றை ஆராய்வதினும், காவலையும் பயிற்சியையும் நெடுங்காலம் ஒருங்கே நடத்திவரும் ஜெர்மானியரின் முறையை நோக்குதல் பயன்தரும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கொல்லரும் தச்சரும் சிறுவரைத் தம் பட்டறையிற் சேர்த்துத் தொழில் பழக்கும் வழக்கம் அந்நாட்டில் மிகப் பழையது. ஆலைகள் பெருகிய பின்னர்ப் பட்டறைப் பழக்கம் மட்டும் போதாதாயிற்று. 1895 முதல் 1919 வரை மியூனிக் நகரின் கல்வித் தலைவராயிருந்த கெர்ஷென்ஷ்டைனர் என்பார், வேலைக்குச் செல்லும் சிறுவர்க்கென இருந்த பள்ளிகளை 1900 முதல் தொழில்வாரியாகத் திருத்தி அமைத்தார். கணக்கும் வரைபடமும் அவ்வத் தொழிலினின்றே கற்பிக்கப்பட்டன. மரத்தை அறுப்பவனுக்கு மரத்தைக் கொண்டே அளவை கற்பிப்பது எளிதன்றோ?

இன்றைய முறை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்மேல் நிற்பது. இளைஞன் முதலில் ஒரு தொழிலகத்தோடு எழுத்துமூலம் உடன்படிக்கை செய்துகொள்கின்றான். வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிலகத்திலும், எஞ்சிய ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றான். இங்ஙனம் பெரும்பாலும் மூன்றாண்டு கழியும். முந்நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களுக்குப் பாடத்திட்டங்கள் உள. முடிவில் தேர்வு நடத்துவோர் அவனைப் பயிற்றிய முதலாளி அல்லர். தொழில் வணிக மன்றத்தார் அமைக்கும் குழுவினர். ஆகவே ஓர் ஊரிற் பெற்ற சான்றிதழை எவ்வூர் முதலாளியும் நம்பி ஏற்கின்றார்.

இனி, இளைஞரைக் காக்கும் விதிகள். 1976இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பதினெட்டு நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்திற்கு நாற்பது மணியுமே பொதுவான வேலை எல்லை. ஆறு மணிக்கு மேல் உழைப்பின் ஒரு மணி நேரம் ஓய்வு அளித்தல் வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வேலை வாங்கலாகாது. விடியுமுன் அடுப்பு மூட்டவேண்டிய ரொட்டிக் கடைக்கு, பதினாறு வயதினர் ஐந்து மணிக்கே வரலாம் என ஒரு விலக்கு வைத்தனர். சட்டம் செய்தோர் காலையுணவை மறந்தாரல்லர்! வேலையிற் புகுமுன் மருத்துவர் சோதனை வேண்டும். பதினாறு நிரம்பாதவனுக்கு ஆண்டிற்கு முப்பது வேலைநாள் விடுமுறை உண்டு. பள்ளியிற் கழிந்த நேரத்திற்காக ஊதியம் குறையாது.

இவற்றுள் நாம் ஊன்றி நோக்கத்தக்கது எண்ணிக்கைக் கூலிபற்றிய விதியாகும். நம் ஆலைகளில் ‘பீஸ் ரேட்’ என வழங்கும் அவ்வேலையை இளைஞர்க்குப் பொதுவாகத் தருதல் கூடாது என்கிறது அச்சட்டம். விரைவே ஆக்கம் என எண்ணுவார்க்கு இது வியப்பாகும். ஆயின் கை பழகுமுன் எண்ணிக்கைக்காக ஓடுபவன், செம்மையைக் கற்குமுன் அவசரத்தைக் கற்கின்றான். அவன் கெடுத்த பொருளும், முறித்த கருவியும், நின்ற இயந்திரமும் எவர் கணக்கில் ஏறும்? காயப்பட்ட விரலைக் கணக்கில் ஏற்றவும் இயலாது.

இதற்குச் சான்று ஜெர்மனிக்கு வெளியிலும் கிடைத்தது. 1980களில் இலண்டனிலுள்ள தேசியப் பொருளாதார சமூக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரெய்ஸ் முதலானோர், ஒரே வகைப் பொருள் செய்யும் ஆங்கிலேய, ஜெர்மானியத் தொழிலகங்களை இணையிணையாக ஒப்பிட்டனர். உலோகப் பட்டறைகளில் இருபுறத்து இயந்திரங்களும் ஏறத்தாழ ஒரே வயதினவாயிருந்தன. ஆயினும் ஆங்கிலேயர் பட்டறையில் அவை மிகுதியும் பழுதுற்று நின்றன. காரணம் யாதெனின், ஜெர்மானியர் பட்டறையில் இயந்திரத்தை ஓட்டியவனும் அவனை மேற்பார்த்த ஃபோர்மனும் முறையாகப் பயின்றவர்கள். பழுது வருமுன் அதனை அறிந்து தடுத்தனர். மகளிர் ஆடை தைக்கும் சாலைகளிலும் இவ்வாறே. பயின்ற தையற்காரி புதுப் பாணியை வரைபடங்கண்டு விரைவில் தைத்தாள். ஆதலின் ஜெர்மானியர் பலவகை உயர்ந்த ஆடைகளைச் சிறுசிறு தொகுதிகளாகச் செய்து நல்ல விலை பெற்றனர்.

குறையில்லாத முறை இதுவென்று சொல்லோம். அந்நாட்டின் பல பகுதிகளில் பத்து வயதிலேயே பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுவதால், பலருடைய பிற்காலத் தொழில் இளமையிலேயே ஒருவாறு வரையறுக்கப்படுகின்றது. ஓரூரில் பழகுநரின்றி இடங்கள் கிடக்க, வேறோரூரில் இடமின்றி இளைஞர் அலைதலும் உண்டு.

நம் நாட்டிலும் 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் பிறந்தது. பதினான்கு நிரம்பாதோரைச் சேர்த்தல் கூடாதென்றும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தரவேண்டுமென்றும் அது விதித்தது. ஆயினும் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் தேநீர் வாங்கவும் தரையைப் பெருக்கவும் ஏவப்படுதலும், ஓராண்டு கழித்து வேறொருவனுக்கு இடம் விட்டு வெளியேறுதலும் நாம் காணாதன அல்ல. குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆள் என்று அவனைக் கருதும் இடத்தில், கற்பிக்கும் பொறுப்பு எவர்க்கும் இல்லாது போகின்றது. ஜெர்மனியிலோ, பயிற்றுவோனும் தான் பயிற்றும் தகுதியைக் காட்டல்வேண்டும். 1972இல் அதற்கென ஒரு விதியே வகுத்தனர்.

பயிற்சிக்கு ஆகும் செலவை யார் தாங்குவது என்பதே முதலாளிகளின் கடைசி வினா. பழகுநனுக்கு ஆகும் செலவு, பயிற்சிக் காலத்தில் அவன் செய்துதரும் வேலையின் மதிப்பினும் சராசரியில் மிகுதி என்பதை ஜெர்மானிய முதலாளிகள் அறிவர். அறிந்தும் ஏற்கின்றனர், பயிற்சி முடிந்தபின் அவன் அங்கேயே தங்குவானாயின், புதிய ஆளைத் தேடிப் பிடித்துத் தொழிலிற் பழக்கும் செலவு அவர்க்கு மிச்சமாகின்றது.